நாலாவது அடுக்கில் கலங்கும் லூப்: பெடலா, காலா?

கேள்வி, 2025 மே 3

"அண்ணா, கர்நாடக வயலின் வாசிக்கிறேன். ஊர் தென்காசி, இப்போது பெங்களூரில் மாரத்தஹள்ளி பக்கம் ஒரு பிஜி விடுதியில் இருக்கிறேன். ஒற்றை சுவிட்ச் லூப் பெடல் (காலால் மிதித்தால் வாசிப்பதைப் பதிந்து, அதையே திரும்பத் திரும்ப ஓட்டும் கருவி) வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம், அதாவது எட்டு அட்சரம் கொண்ட ஒரு முழுச் சுற்று, பதிகிறேன். சுற்று முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு விக்கல் வருகிறது. மேலே இரண்டு மூன்று அடுக்கு போட்டால் விக்கலும் கூடுகிறது, நாலாவது அடுக்கில் எல்லாம் கலங்கிவிடுகிறது. மெட்ரோனோம் வைத்துத்தான் வாசிக்கிறேன், தாளம் தப்பவில்லை. பெடல்தான் சரியில்லை என்று தோன்றுகிறது. ஐந்து ட்ராக் உள்ள மேஜைக் கருவி வாங்கிவிடலாமா? நாற்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள்."

மே 3, இரவு 11 மணி

வாங்க வேண்டாம் தம்பி. அந்தக் கருவி என்னிடம் இருக்கிறது, ஒற்றை சுவிட்ச் பெடலும் இருக்கிறது. இரண்டிலும் சாதாரணமாக முதல் லூப்பின் நீளத்தை முடிவு செய்வது நீங்கள் மிதிக்கும் அல்லது அமுக்கும் கணம்தான். ஐந்து ட்ராக் வந்தால் அதே விக்கல் ஐந்து இடத்தில் வரும்.

கடைசி ஸ்வரம் வாசித்து முடித்ததும் மிதிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். லூப் முடிவது எட்டாவது அட்சரத்தில் இல்லை, அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில், அதாவது முதல் தட்டில். கடைசி வீச்சு போட்ட பிறகு ஒரு முழு அட்சரம் பாக்கி இருக்கிறது. அதை மௌனமாகவாவது கடந்து, அடுத்த தட்டு விழும் அதே கணத்தில் கால் இறங்க வேண்டும். மனசுக்குள் 'ஒன்று' என்று சொல்வதும் மிதிப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும். நான் கஞ்சிராக்காரன், எனக்கே இது பிடிபட இரண்டு வாரம் ஆனது.

மே 4, காலை

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். மெட்ரோனோம். முதல் லூப் பதிந்து முடிந்ததும் அதை அணைத்துவிடுங்கள்.

கணக்கு போட்டுப் பார்த்தால் ஏன் என்று தெரியும். நிமிடத்துக்கு 60 வேகத்தில் ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் 8 வினாடி. உங்கள் மிதி 50 மில்லிசெகண்ட் தாமதம் என்று வையுங்கள், லூப் 8.05 வினாடி ஆகிவிடும். ஒரு சுற்றில் அது காதுக்கே எட்டாது. பத்தாவது சுற்றில் மெட்ரோனோமுக்கும் லூப்புக்கும் அரை வினாடி வித்தியாசம், அதாவது அரை அட்சரம். இருபதாவது சுற்றில் ஒரு முழு அட்சரம் விலகியிருக்கும், அப்போது இரண்டும் மறுபடி சேர்ந்து அடிக்கிற மாதிரியே கேட்கும், ஆனால் சமம் இடம் மாறியிருக்கும். இரண்டில் எதைப் பிடித்து வாசிப்பது என்று கை தடுமாறுவதில் வியப்பே இல்லை. மூன்றாவது நாலாவது அடுக்கு கலங்குவதில் பாதி இதனால் என்றே நினைக்கிறேன்.

லூப் பதிந்த பிறகு அதுதான் தாளம் போடும் கை. 8.05 வினாடி என்றால் உங்கள் ஆவர்த்தனம் 8.05 வினாடி, அவ்வளவுதான். அதைப் பிடித்துப் போங்கள்.

மே 4, இரவு

சும்மா ஊகத்தில் சொல்வதைவிட ஒரு சோதனை. வயலினைக் கீழே வையுங்கள். பெடலை மிதித்து, சமத்தில் ஒரே ஒரு கைத்தட்டல், அப்புறம் மௌனமாக எட்டு எண்ணி, சமத்தில் மறுபடி மிதியுங்கள். இப்போது வெறும் கைத்தட்டல் மட்டும் சுற்றும். அதோடு சேர்ந்து தாளம் போட்டுப் பாருங்கள். கை இயல்பாக விழுந்தால் நீளம் சரி. ஒவ்வொரு முறையும் தட்டலுக்காகக் காத்திருக்க நேர்ந்தாலோ, அது முந்திக்கொண்டாலோ மிதியில் கோளாறு. பத்து முறை செய்துவிட்டு எழுதுங்கள்.

மே 6

பத்தில் ஒன்பது முறை சரியாக விழுந்தது என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் மே 3 அன்று நான் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. சமம் உங்களுக்கு நன்றாகத் தெரிகிறது. மிதி எங்கே என்று தெரியாதவர் என்று எடுத்துக்கொண்டு பாடம் நடத்தியதற்கு மன்னிக்கவும்.

கைத்தட்டலில் இல்லாத விக்கல் வயலினில் வருகிறது என்றால் வால் அறுபடுகிறது. கைத்தட்டல் தட்டியதும் முடிந்துவிடும். வில் போட்ட ஸ்வரம் அப்படியில்லை, கடைசி கார்வை (நீட்டிப் பிடிக்கும் ஸ்வரம்) சமத்தைத் தாண்டியும் நீளும், கம்பியின் அதிர்வு கொஞ்ச நேரம் நிற்கும். மிதித்ததும் பதிவு நின்றால் அந்த வால் கத்தரித்த மாதிரி போய்விடும். அங்கே ஒரு வெட்டு கேட்கும். அதைத்தான் விக்கல் என்கிறீர்கள் போலிருக்கிறது.

இதற்கு வழி பெடலிலேயே இருக்கலாம். இரண்டாவது மிதிக்குச் சில பெடல்கள் நேராக ப்ளேக்குப் (பதிந்ததை ஓட்டுவது மட்டும்) போகும், சில ஓவர்டப்புக்குப் (ஓடுவதன் மேலேயே தொடர்ந்து பதிவது) போகும், சிலவற்றில் எது வேண்டும் என்று மாற்றிக்கொள்ளலாம். ஓவர்டப்புக்குப் போகிற மாதிரி வைத்தால், சமத்தைத் தாண்டி நீளும் வால் லூப்பின் தலையிலேயே போய்ப் பதிந்துவிடும். தையல் தெரியாது. அடுத்த சுற்றில் ஒரு அட்சரம் போனதும் மறுபடி மிதித்து ப்ளேக்கு வந்துவிடுங்கள், இல்லையென்றால் பிஜியில் கதவு சாத்துகிற சத்தமும் சேர்ந்து பதியும்.

மே 9, மழை

சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு கொட்டுகிறது. ஓட்டில் விழும் மழைச் சத்தத்தில் எதையும் பதிய முடியாது, அதனால் கொஞ்சம் பழைய கதை.

டிஜிட்டல் பெடல் வருவதற்கு முன்னால் லூப் என்றால் உண்மையிலேயே டேப்தான். அமெரிக்காவில் இசையமைப்பாளர் டெர்ரி ரைலி 1960-களில் இரண்டு டேப் ரெக்கார்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே டேப்பை இரண்டிலும் ஓடவிட்டார். முதல் கருவி பதியும், டேப் நகர்ந்து இரண்டாவது கருவிக்குப் போனதும் அது வாசிக்கும், வாசித்தது மறுபடி முதல் கருவிக்குள் போகும். 1972-ல் ராபர்ட் ஃபிரிப்பும் பிரையன் ஈனோவும் இரண்டு ரெவாக்ஸ் டேப் ரெக்கார்டர்களை வைத்து கிதாரில் இதையே செய்தார்கள். வினாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் டேப்பில் ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம், நம் 60 வேகத்தில், வேண்டுமென்றால் இரண்டு கருவிக்கும் நடுவே ஐந்தடி டேப் இருக்க வேண்டும். லூப்பின் நீளத்தை அளவுகோல் வைத்து அளக்கலாம் என்பதே எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

இந்த ரைலி 1970-லிருந்து இந்துஸ்தானி இசையில் கிரானா கரானா என்ற மரபைச் சேர்ந்த பாடகர் பண்டிட் பிரான் நாத்திடம் சீடராக இருந்து பாட்டு கற்றவர். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்தவர் பிரான் நாத்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், டேப்பில் ஒவ்வொரு சுற்றும் பழைய அடுக்கு கொஞ்சம் மங்கும். புதிய அடுக்கு முன்னால் நிற்கும், பழையது பின்னால் போய்க் கரையும். நம் பெடலில் எதுவும் மங்குவதில்லை. முதல் சுற்றில் போட்டது நூறாவது சுற்றிலும் அதே சத்தத்தில் நிற்கும். அதனால் மங்க வைக்கும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு அடுக்கையும் முந்தினதைவிடக் கொஞ்சம் சத்தம் குறைத்து வாசியுங்கள், கடைசியில் நேரடியாக வாசிப்பது மட்டும் உரக்க.

மே 11, ஞாயிறு

நாலாவது அடுக்கு கலங்குவது பற்றி இன்னும் சரியாகப் பதில் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய பதிவை ஹெட்போனில் மூன்று தடவை கேட்டேன்.

முதல் விஷயம் சுருதிப் பெட்டி, அதாவது எலக்ட்ரானிக் தம்பூரா. அறையில் சுருதி ஓடுகிறது, மைக் வழியாக அதுவும் பதிகிறது. நாலு அடுக்குக்கு நாலு தம்பூரா, அதுவும் ஒன்றோடொன்று இணையாமல். தம்பூராவின் நாலு தந்தியும் தமக்கென்று ஒரு வேகத்தில் ஒலிக்கின்றன, அந்தச் சுற்றுக்கும் ஆதி தாளத்துக்கும் சம்பந்தம் கிடையாது. அதைக் கொண்டுபோய் 8 வினாடிப் பெட்டிக்குள் அடைத்தால் ஒவ்வொரு சமத்திலும் தம்பூரா தடுக்கி விழும். சுருதி லூப்புக்கு வெளியே இருக்க வேண்டும். நேராக ஸ்பீக்கருக்குக் கொடுங்கள், பதியும்போது உங்கள் காதுக்கு மட்டும் ஹெட்போனில். (எலக்ட்ரானிக் தம்பூராவை 1979-ல் செய்து காட்டிய ஜி. ராஜ் நாராயண் பெங்களூர்க்காரர், புல்லாங்குழல் கலைஞர், எச்.ஏ.எல். விமான நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். அதே ஊரில், அல்சூரில் உட்கார்ந்து இதை எழுதும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

அடுத்து மின்விசிறி. ஒரு அடுக்கில் அது கேட்காது. அடுக்கு இரட்டிப்பாகும்போதெல்லாம் இரைச்சல் சுமார் 3 டெசிபல் ஏறும், நாலு அடுக்கில் 6. விசிறியை நிறுத்துங்கள், அல்லது வயலினின் பிரிட்ஜில் ஒட்டி, அதன் அதிர்வை நேராக எடுக்கும் பிக்கப் போடுங்கள். என் லூப் ஒன்றில் காலையில் தெருவில் போகும் பூக்காரம்மாவின் "ஹூவா" என்ற குரல் ஐந்தாவது அட்சரத்தில் விழுந்திருக்கிறது. சரியாகத் திருதத்தின் (தாளத்தில் ஒரு தட்டும் ஒரு வீச்சும் கொண்ட பகுதி) தட்டில். அதை அழிக்கவே இல்லை, இன்றைக்கும் அதன்மேல்தான் பயிற்சி செய்கிறேன்.

மூன்றாவதுதான் பெரிய விஷயம். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது. உங்கள் நாலு அடுக்கும் மத்திய ஸ்தாயியில் (நடு உயரத்தில்), நாலும் கமகத்தோடு. ஒரு காந்தாரம் அசையும்போது இன்னொரு காந்தாரம் வேறு மாதிரி அசைகிறது. தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் அழகு, சேர்ந்தால் எது ஸ்வரம் என்றே தெரியவில்லை. தோடியை அடுக்காதீர்கள். ஹம்சத்வனி, மோகனம் மாதிரி அசையாமல் நிறுத்தினாலும் ராகம் நிற்கும் ஒன்றை எடுங்கள். முதல் அடுக்கு, விரலால் மீட்டிய தாளம் மட்டும். இரண்டாவது, மந்தர ஸ்தாயியில் (கீழ் உயரத்தில்) நீண்ட கார்வை, அசைவே இல்லாமல். மூன்றாவது, அதுவும் வேண்டும் என்று தோன்றினால்தான், பஞ்சமத்தில் ஒரு சின்ன ஸ்வரத் துணுக்கு. கமகம் எல்லாம் மேலே நேரடியாக வாசிப்பதற்கு மிச்சம் இருக்கட்டும். இடமும் விடுங்கள். ஆவர்த்தனத்தின் 32 மாத்திரையையும் (அட்சரத்துக்கு நாலு) முதல் அடுக்கிலேயே நிரப்பிவிட்டால் அடுத்தவர் எங்கே உட்காருவார்? கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் சொல்லும்போது கஞ்சிரா எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

கஞ்சிராவில் எனக்கு இன்னொரு தொல்லை. தோலில் தண்ணீர் தடவித்தான் சுருதி இறக்குகிறோம், வாசிக்க வாசிக்கக் காய்ந்து ஏறிவிடும். லூப்புக்குள் இருப்பது ஈரக் கஞ்சிரா, பத்து நிமிடத்தில் என் கையில் இருப்பது காய்ந்த கஞ்சிரா. இரண்டும் ஒரே வாத்தியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் முன்னால் தண்ணீர் தொட்டு, லூப்போடு ஒரு 'தொம்' தட்டி ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மிதிக்கிறேன்.

மே 14

சின்னக் குறிப்பு. நேற்று ராத்திரி மின்சாரம் போய், சேமிக்காமல் வைத்திருந்த லூப் போய்விட்டது. முக்கால் மணி நேர வேலை. நல்லதாக ஒன்று அமைந்தால் அடுத்த அடுக்குக்கு முன் சேமித்துவிடுங்கள். எந்தக் கருவி தானாக நினைவில் வைத்துக்கொள்ளும், எது வைத்துக்கொள்ளாது என்பதை வேண்டுமென்றே ஒருமுறை பிளக்கைப் பிடுங்கித் தெரிந்துகொள்வது நல்லது.

அடாப்டர் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 9 வோல்ட் என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள், நான் அப்படி வாங்கி ஒரு பெடலைக் கெடுத்தேன். பெரும்பாலான பெடலுக்கு நடுவில் நெகட்டிவ் வர வேண்டும். அடாப்டரின் மேல் வட்டப் படம் இருக்கும், நடுப்புள்ளி மைனஸோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மில்லி ஆம்பியரும் பெடல் கேட்பதற்குக் குறையக் கூடாது.

மே 18, ஞாயிறு, இரவு

தம்பி இன்று வயலினையும் பெடலையும் தூக்கிக்கொண்டு அல்சூருக்கே வந்துவிட்டார். ஓவர்டப் முறைக்கு மாற்றியும் விக்கல் முழுக்கப் போகவில்லை என்று எழுதியிருந்தார், நேரில் பார்க்கலாம் என்று வரச்சொன்னேன். என் அம்மா காபி கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வயலினின் தலை வலது கணுக்காலில். பெடல் வலது கால் விரலுக்கு முன்னால், எட்டும் தூரத்தில். வாசித்தார், எட்டாவது அட்சரம், விரல் பெடலை நோக்கி நீண்டது. அப்போதுதான் பார்த்தேன். விரல் நீண்டதும் கணுக்கால் ஒரு நூல் அளவு இறங்கியது. வயலினின் தலை அதோடு இறங்கியது. இடது கை பிடித்திருந்த ஷட்ஜம் ஒரு துளி சரிந்தது, வில் கம்பியில் லேசாகத் துள்ளியது. அது லூப்பில் பதிந்தது. நாலு அடுக்கு போட்டால் நாலு சரிவு, எல்லாம் அதே இடத்தில்.

நான் சொல்வதற்கு முன்னாலேயே அம்மா, "கால் ஆடுதேப்பா, அப்புறம் வாத்தியம் ஆடாதா?" என்றார்.

இரண்டு வாரமாக நீளம், வால், சுருதி என்று எழுதிக்கொண்டிருந்தேன். அவை தப்பில்லை, ஆனால் இந்த விக்கலின் வேர் இது. லூப் பெடல் நின்றுகொண்டு கிதார் வாசிக்கிறவருக்குச் செய்த பொருள். அவருக்குக் கால் சும்மா இருக்கிறது. நம் வயலின்காரருக்கு வலது கால் வாத்தியத்தின் ஸ்டாண்டு. அந்தக் காலிடம் இன்னொரு வேலை கேட்கக் கூடாது.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இடது முழங்காலுக்கு அடியில் பெடல்: இறங்குகிறது, ஆனால் முழங்காலுக்குக் கணம் தெரியவில்லை, ஒவ்வொரு தடவையும் பிந்துகிறது, வலியும். நாற்காலியில் உட்கார்ந்து கணுக்காலை இடது தொடைமேல் போடுவது: இடது பாதம் தரையில் சும்மா இருக்கிறது, மிதி அருமையாக விழுந்தது, ஆனால் கால்மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது என்றார். நான் பெடலை என் கையால் அமுக்கியது எல்லாவற்றையும்விட நன்றாக வந்தது. லூப்பில் ஒரு சரிவும் இல்லை.

மே 19

குவாண்டைஸ் பற்றி இங்கே முன்பு ஒருமுறை கடுமையாக எழுதியிருக்கிறேன். கருவியிடம் வேகத்தையும் இத்தனை பீட் என்றும் முன்பே சொல்லி வைத்தால், நாம் மிதிக்காமலேயே லூப்பைச் சரியான இடத்தில் மூடிக்கொள்ளும். காலப்பிரமாணத்தை, அதாவது வேகத்தின் பிடியை, இயந்திரத்திடம் கொடுப்பதா என்று எழுதினேன். நேற்று அந்தக் கணுக்காலைப் பார்த்த பிறகு அந்தக் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். காலே வேண்டாம் என்கிறவருக்கு அதுதான் நல்ல வழி. முதல் மிதியை வயலினை எடுப்பதற்கு முன்பே அமுக்கி, ஒரு ஆவர்த்தனம் எண்ணவிட்டுப் பதியத் தொடங்கும்படி வைக்கலாம். கருவி வாங்குவதாக இருந்தால் 7/8-ம் 5/8-ம் கொடுக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள், இல்லையென்றால் ஏழின் மிஸ்ர சாபு தாளமும் ஐந்தின் கண்ட சாபு தாளமும் கைவிட்டுப் போகும்.

எனக்கு மட்டும் மிதிதான். கஞ்சிராவுக்கு இரண்டு கையும் வேண்டும், கால் சும்மாதான் இருக்கிறது. என் வேகம் ஒரு இழை ஏறினால் லூப்பும் அந்த இழையோடு பதிய வேண்டும் என்று ஆசை. ஆனால் பதிந்த பிறகு அது மாறாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். பக்கவாத்தியக்காரர் என் முகத்தைப் பார்த்து விட்டுக்கொடுப்பார். லூப் யார் முகத்தையும் பார்க்காது. அதனால் பதிவதற்கு முன் இரண்டு ஆவர்த்தனம் சும்மா வாசித்து, வேகம் உட்கார்ந்ததும் மூன்றாவதைப் பதிகிறேன்.

மே 25, ஞாயிறு

தம்பி புதிய பதிவு அனுப்பியிருக்கிறார். கருவி வாங்கவில்லை. பிஜியில் உடன் இருக்கும் பையன் சமத்தில் கையால் அமுக்குகிறானாம், அவனுக்குத் தாளம் போட ஒரு வாரம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஹம்சத்வனி. மீட்டிய தாளம் ஒன்று, மந்தரத்தில் கார்வை ஒன்று, அவ்வளவுதான் அடுக்கு. மேலே நேரடி வாசிப்பு. ஆறு நிமிடம் கேட்டேன், சமம் எங்கே தைத்திருக்கிறது என்று தேடியும் கிடைக்கவில்லை. நிஷாதத்தில் நின்று அவர் காத்திருக்கும் ஒரு இடம் இருக்கிறது, நாலாவது நிமிடம், கீழே கார்வை மட்டும் போய்க்கொண்டிருக்கும். அதை இரண்டு தடவை திருப்பிப் போட்டேன்.

வெளி சுவிட்ச் வாங்கலாமா என்று கடைசியாகக் கேட்டிருக்கிறார். உங்கள் பெடலின் பின்னால் அதற்கு ஜாக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும் அதில் நிறுத்துவதும் அண்டூவும் (கடைசி அடுக்கை நீக்குவது) மட்டுமே வரும் மாடல்கள் உண்டு, பதிவைத் தொடங்க முடியாது. இரட்டை சுவிட்ச் வாங்கினால் ஸ்டீரியோ ஜாக் உள்ள கேபிள் போடுங்கள், கிதார் கேபிள் போட்டால் ஒரு சுவிட்ச்தான் வேலை செய்யும். அந்தக் கேபிள் என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, அடுத்த ஞாயிறு வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனையும் கூட்டி வாருங்கள்.